எலிசன், கீத்

கீத் எலிசன் (பிறப்பு: 1963, டெட்ராய்ட்) அமெரிக்க வழக்கறிஞர்; ஜனநாயகக் கட்சி அரசியல்வாதி; அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் முஸ்லிம். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த இவர், வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 19ஆம் வயதில் இஸ்லாத்தைத் தழுவினார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் சட்டப் பட்டம் பெற்றார்.

மினசோட்டா சட்டமன்றத்தில் பணியாற்றியபின், 2006இல் மினியாபொலிஸ் நகரை உள்ளடக்கிய 5ஆவது தொகுதியிலிருந்து பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வானார். குர்ஆன் மீது உறுதிமொழி ஏற்கப்போவதாக அவர் அறிவித்ததும் கடும் எதிர்ப்பு எழுந்தது. வர்ஜீனியா உறுப்பினர் வர்ஜில் கூட் முஸ்லிம் குடியேற்றத்தையே கண்டித்தார். ஆனால் அவையில் உறுப்பினர்கள் கூட்டாக ஏற்கும் உறுதிமொழிக்கு மறைநூல் எதுவும் தேவையில்லை. அரசமைப்பின் 6ஆவது பிரிவு பதவிக்கு மதத் தகுதி கோருவதைத் தடைசெய்கிறது. 2007 ஜனவரியில் நடந்த தனிச் சடங்கில், குடியரசை நிறுவியவர்களுள் ஒருவரான தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாயிருந்த, ஜார்ஜ் சேல் மொழிபெயர்த்த குர்ஆன் பிரதியை எலிசன் பயன்படுத்தினார். அப்பிரதி நாடாளுமன்ற நூலகத்திலிருந்து பெறப்பட்டது. குடியரசை நிறுவியவர்களின் காலத்திலேயே இஸ்லாம் அந்நாட்டில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு அப்பிரதி ஒரு சான்று.

2008இல் ஹஜ் பயணம் மேற்கொண்டார். முஸ்லிம்களிடையே தீவிரவாதம் பற்றிய 2011 அவை விசாரணையில், செப்டம்பர் 11 தாக்குதலில் பிறரை மீட்கச் சென்று உயிரிழந்த முஸ்லிம் இளைஞர் சல்மான் ஹம்தானியை நினைவுகூர்ந்து கண்ணீர் மல்கச் சாட்சியமளித்தார்; தனிமனிதர் குற்றத்தை ஒரு சமூகத்தின் மீது சுமத்தலாகாது என்பது அவர் வாதம். தொழிலாளர் ஊதியம், குடியேறியோர் உரிமை ஆகியவற்றுக்காகவும் அவர் குரல்கொடுத்தார். 2019 முதல் மினசோட்டாவின் தலைமை வழக்கறிஞர். காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலை வழக்கில் அரசுத் தரப்புக்குத் தலைமை தாங்கினார்.