நான்கு கியர், மூன்று நியூட்ரல்

பழைய புல்லட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் சத்தத்தில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதன் கியர்பாக்ஸ்தான் சுவாரசியம். ஒரு குறை எப்படி அரை நூற்றாண்டு சௌக்கியமாக வாழும் என்பதை அது காட்டுகிறது.

ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் தேவைப்பட்டதை ஒட்டி, 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்களாக வந்ததை இங்கே பூட்டினார்கள். பிறகு தயாரிக்கும் கருவிகளையே வாங்கி, திருவொற்றியூரில் முழு வண்டியும் செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடியது. 1970-ல் இங்கிலாந்து உற்பத்தியே நின்றுபோனது. ஆனால் ஆல்பியன் என்ற பர்மிங்காம் கம்பெனியின் வடிவமைப்பில் வந்த நான்கு கியர் பெட்டி, திருவொற்றியூரில் தொடர்ந்து பிறந்துகொண்டே இருந்தது.

கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஒன்று மேலே, மற்ற மூன்றும் கீழே. முறையான நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். பிரச்சினை என்னவென்றால் இரண்டு-மூன்றுக்கும், மூன்று-நான்குக்கும் நடுவிலும் எதுவும் எதிலும் சிக்காத ஓரிடம் உண்டு. ஃபால்ஸ் நியூட்ரல். லாரியை முந்தும்போது டாப் விழுந்துவிட்டது என்று நம்பி முறுக்கினால், எஞ்சின் மட்டும் அலறும், வண்டி போகாது. நியூட்ரல் கிடைப்பதும் சிரமம் என்பதால், குதிகாலால் மிதிக்க இன்னொரு குட்டி லீவரை வைத்திருந்தார்கள். இரண்டு, மூன்று, நான்கு எதிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரல். எங்கள் மென்பொருள் தொழிலில் இதற்குப் பெயர் பேட்ச்.

இந்தப் பெட்டிதான் நம்மூர் மெக்கானிக்குகளுக்குக் காது கொடுத்தது. ஊளைச் சத்தத்தோடு வண்டி வந்தால் நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுக்க மாட்டார். "எந்த கியர்ல வருது?" என்று கேட்பார். முதல் மூன்று கியர்களில் எஞ்சினின் விசை மெயின் ஷாஃப்டிலிருந்து கீழே லே ஷாஃப்டுக்கு இறங்கி, திரும்ப மேலே ஏறி செயினுக்குப் போகிறது. நான்காவதில் மட்டும் நேராகப் போய்விடும். லே ஷாஃப்ட் சுமையில்லாமல் சும்மா சுற்றும். ஆக, டாப்பில் சத்தம் அடங்கினால் லே ஷாஃப்ட் பல்லோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. எல்லா கியரிலும் கேட்டால் பேரிங்கையும் செயினையும் பார்க்கணும். பெட்டியைத் திறக்காமலே பாதி வேலை முடிந்தது.

வண்டி நிற்கும்போது முதல் கியர் 'கடக்'கென்று விழுந்து முன்னே இழுத்தால், குற்றவாளி பெரும்பாலும் கியர்பாக்ஸ் இல்லை, முழுசாக விடுபடாத கிளட்ச். அதனால்தான் பழைய ஆட்கள் காலையில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு உதை உதைத்து, ஒட்டிக்கிடக்கும் பிளேட்டுகளைப் பிரித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார்கள்.

ஃபால்ஸ் நியூட்ரலுக்கும் மருந்து உண்டு. கால் லீவர் மேலேயும் கீழேயும் எவ்வளவு தூரம் தள்ளலாம் என்பதைத் தீர்மானிக்கும் தகடு ஒன்று, இரண்டு நட்டுகளில் நிற்கிறது. நட்டைத் தளர்த்தி அதை நூலளவு நகர்த்தினால் கியர் சரியாக உட்காரும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பதுதான் வித்தை. கையேட்டில் முறை இருக்கிறது; அந்த நூலளவு கால் பழக்கத்தில் மட்டுமே இருக்கிறது.

அமெரிக்கா 1970-களின் நடுவிலேயே கியரை இடது காலுக்குச் சட்டம் போட்டு மாற்றிவிட்டது. புல்லட்டுக்கு இடது கால் ஐந்து கியர் 2000-க்குப் பிறகுதான் வந்தது. அடுத்து எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாயின. ஓட்டுகிறவருக்கு நிச்சயம் நல்லது. முந்தும்போது உயிர் பயம் இல்லை. அந்தப் பேட்ச் லீவரும் போயிற்று. ஆனால் நான்கு கியர் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைக் காதால் படித்த தலைமுறை ஒவ்வொருவராகக் கடையை மூடுகிறது. உதிரி பாகம் தேடினால் கிடைக்கும். "எந்த கியர்ல வருது?" என்று கேட்கும் ஆளைத்தான் இனி தேட வேண்டியிருக்கும்.