மில் சுவருக்கு வெளியே

'ஏரியா டெவலப்பாயிடுச்சு' என்ற வாக்கியத்தைப் பட்டாளத்தில் ஒரே மாலையில் மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் நின்றது ஒரே டீக்கடையில். சொன்னது ஒரே விஷயத்தை அல்ல. ஒருவருக்கு ஸ்டிராஹன்ஸ் ரோடை ஒட்டிய சந்தில் அப்பா காலத்து வீடு, பட்டாவோடு. அவர் சொன்னபோது குரலில் திருப்தி இருந்தது. அடுத்தவர் வாடகைக்கு இருப்பவர். வீட்டுக்காரர் அட்வான்ஸை ஏற்றிக் கேட்டபோது காரணமாகச் சொன்ன வாக்கியத்தை அப்படியே நமக்கு ஒப்பித்தார். மூன்றாவது ஆள் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன். புளியந்தோப்பில் மாமியார் வீட்டில் இருக்கிறான். "ஏரியா டெவலப்பாயிடுச்சுண்ணே, நம்மதான் ஆவல" என்று சிரித்தான்.

இந்த வாக்கியத்தில் எழுவாய் ஏரியா. யாரும் எதையும் செய்வதில்லை. மழை பெய்தது என்பதுபோல அது தானாக நடந்துவிடுகிறது.

இதற்கு ஆங்கிலத்தில் ஜென்ட்ரிஃபிகேஷன் என்றொரு சொல் உண்டு. 1964இல் லண்டனைப் பற்றிய ஒரு தொகுப்பின் முன்னுரையில் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் அதைப் பயன்படுத்தினார். தொழிலாளர்கள் வாழ்ந்த தெருக்களுக்குள் மத்தியதர வர்க்கத்தார் ஒவ்வொருவராக நுழைகிறார்கள், சின்ன வீடுகளை வாங்கிச் செப்பனிடுகிறார்கள், விலை ஏறுகிறது, பழைய குடிகள் போய்விடுகிறார்கள். நிலமுள்ள கனவான்களைக் குறிக்கும் ஜென்ட்ரி என்ற சொல்லிலிருந்து அவர் இதை உண்டாக்கினார். தமிழில் மேட்டுக்குடியாக்கம் என்று எழுதுகிறார்கள். சொல்லில் குற்றமில்லை. ஆனால் பட்டாளத்தில் காரியம் அந்த வரிசையில் நடக்கவில்லை. இங்கே மில் தொழிலாளியின் வீட்டை யாரும் ஆசைப்பட்டு வாங்கிச் செப்பனிடவில்லை. அவன் வேலை பார்த்த இடம் கைமாறியது. வீடு பிறகு தானாகவே மதிப்பு மாறிக்கொண்டது.

பக்கிங்ஹாம் மில் 1876இலும் கர்நாடிக் மில் 1881இலும் தோன்றியவை. 1920இல் இரண்டும் ஒரே கம்பெனியாயின. ஊருக்கு அது எப்போதும் பின்னி மில்தான். பின்னி காக்கி போலீஸ்காரன் உடம்பிலும் பள்ளிக்கூடப் பையன் உடம்பிலும் ஏறியது. சங்கு ஊதினால் பெரம்பூரும் ஓட்டேரியும் புளியந்தோப்பும் எழுந்தன. மில்லைச் சுற்றிக் குடிசைகள், சந்துகள், கள்ளுக்கடைகள், பஜனை மடங்கள் முளைத்தன. கம்பெனியே தொழிலாளருக்காக மாதிரிக் கிராமங்களும் கட்டியது. நம் விமர்சகர்கள் மண்வாசனை என்று பேசும்போது இந்த இடங்களை மண்ணாகவே கருதுவதில்லை என்பது தனி வருத்தம். மில் சங்குக்கு எழுந்தவனுக்குப் பிரதேசம் கிடையாது என்று அவர்கள் நினைப்பதாகத் தோன்றுகிறது.

1918இல் இங்கே நடந்தது பாடப்புத்தகங்களில் ஒரு வரியாக வருகிறது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் தொழிலாளிகளின் குறைகளைக் கேட்டு பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. உடனிருந்தார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முதன்மை அல்ல; முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு நேரம் என்பது. அரை மணி கொடுத்தார்கள். கையைக் கழுவி, சாப்பிட்டு, திரும்பக் கதவுக்குள் வர அது போதவில்லை. நாற்பது நிமிஷம் கேட்டார்கள். பத்து நிமிஷத்துக்காக ஒரு சங்கம். பின்னாளில் கம்பெனி வாடியாமீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அவரை முடக்கியது. அந்த வழக்கு எழுப்பிய கேள்வியே 1926ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி செய்தது.

டீக்கடைப் பெஞ்சில் அன்று நான்காவதாக ஒருவரும் இருந்தார். நெசவுப் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். 1985இல் மில்லுக்குள் வெள்ளம் புகுந்ததையும் 1996இல் மில் மூடியதையும் கண்ணால் பார்த்தவர். "டெவலப்பாம். மில் இருந்தப்போ இங்க எல்லாரும் ஒண்ணா இருந்தோம். இப்ப பக்கத்து வூட்டுல யாருன்னு தெரியாது" என்றார். வீட்டுக்காரர் தலையசைத்தார். நானும் அசைத்திருப்பேன். பழைய இடங்களைப் பற்றி எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் கட்டுரை பாதி முடிந்த மாதிரி.

இளைஞன்தான் கெடுத்தான். "எங்க ஆயா அப்டி சொல்லாது தாத்தா" என்றான். ஆயாவின் அம்மாவுக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது குடிசையைக் கொளுத்திவிட்டார்களாம். யார் என்று நான் கேட்டேன். "மில்லுக்காரங்கதான்" என்றான். மில் முதலாளியையா மில் தொழிலாளியையா அவன் சொல்கிறான் என்பது அந்தப் பதிலில் தெளிவாகவில்லை. கிழவருக்குத் தெளிவாகிவிட்டது. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அது 1921. மே மாதம் கர்நாடிக் மில்லில் தொடங்கிய வேலை நிறுத்தம் ஜூனில் பக்கிங்ஹாம் மில்லுக்குப் பரவியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு நீண்ட கதவடைப்பு முடிந்திருந்தது. அதில் பட்ட கடன் தீரவில்லை. இந்தத் தடவை ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சேரவில்லை. எம்.சி. ராஜா அவர்களை வேலைக்குப் போகச் சொன்னார். கூலி நின்றால் மறுநாளே பட்டினி கிடக்கிறவனிடமும், கிராமத்தில் கொஞ்சமாவது பிடிமானம் உள்ளவனிடமும் சங்கம் ஒரே தியாகத்தைக் கேட்டது என்பதே இதில் நான் காண்பது. கருங்காலி என்று ஒரு பக்கம். சாதி வெறியர் என்று ஒரு பக்கம். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அக்டோபரில் வேலை நிறுத்தம் முடிந்தபோது தொழிலாளிக்குக் கையில் ஏதும் மிஞ்சவில்லை. திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சங்கத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

ஆகவே 'எல்லாரும் ஒண்ணா இருந்தோம்' என்பது பொய் என்று சொல்லிவிடலாமா? முடியாது. கிழவர் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளில். அவருடைய தறிக்குப் பக்கத்துத் தறியில் புளியந்தோப்புக்காரர் இருந்திருக்கிறார். ஒரே பீடியைப் பங்கு போட்டிருக்கிறார்கள். அந்த ஒற்றுமை மில் சுவருக்கு உள்ளே நிஜம். சங்கு ஊதியதும் அவரவர் தெருவுக்குப் போனார்கள். சந்தில் நிலம் பட்டாவாக ஒருவர் பேரில் ஏறியதும், கால்வாய்க் கரையில் ஏறாமலே போனதும் சுவருக்கு வெளியே நடந்தது. இன்று விலை ஏறும்போது அந்தப் பழைய வித்தியாசம்தான் ரூபாயாக மாறி வெளியே வருகிறது. மில் இருந்தவரை கூலி அதை மறைத்திருந்தது.

மூடிய மில்லில் பல வருஷம் சினிமா சண்டைக் காட்சிகள் எடுத்தார்கள். உடைந்த ஜன்னல், துருப்பிடித்த தூண், மேலிருந்து விழும் வெளிச்சம். தமிழ்நாடு முழுக்க அந்த இடத்தைப் பார்த்திருக்கிறது, எந்த இடம் என்று தெரியாமலே. பிறகு அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில் கோபுரம் கோபுரமாக அடுக்குமாடிகள் எழும்பின. விளம்பரங்களில் முகவரி பெரம்பூர். புளியந்தோப்பு என்ற பேர் நான் பார்த்த ஒன்றிலும் இல்லை. மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டியிருக்கிறார்கள். வாசலில் காவலாளி வேலைக்காரிகளின் பையைத் திறந்து பார்க்கிறார். "அந்த காலத்துல எங்களையும் தடவிப் பார்த்துத்தான் வெளிய வுடுவாங்க" என்று கிழவர் சொன்னார், அதில் குறையொன்றும் இல்லை என்பது போல.

குடிசை மாற்று வாரியம் 1970இல் ஏற்பட்டது. 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாயிற்று. பேரிலிருந்து குடிசை போய்விட்டது. கால்வாய்க் கரைகளில் இருந்தவர்களைத் தெற்கே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றியது மட்டும் பேர் மாறுவதற்கு முன்பே தொடங்கி நடந்துவந்தது.

கிழவர் வெகுநேரம் பேசவில்லை. வீட்டுக்காரர் இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு, கோடிக் கணக்கில் யாரோ கேட்டதாகவும் தாம் விற்கப்போவதில்லை என்றும் சொல்லிக்கொண்டே போனார். விற்பார் என்று தோன்றியது. அதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை.

"உங்க ஆயாவை ஒருநாள் இட்டுனு வாப்பா" என்றார் கிழவர் இளைஞனிடம். "அவங்கப்பா பேரு இன்னான்னு கேக்கணும். எங்க செக்ஷன்ல அந்தப் பக்கத்து ஆளுங்க இருந்தாங்க, தெரிஞ்சவங்களா இருக்கலாம்."

"ஆயா இங்க இல்ல தாத்தா. பெரும்பாக்கத்துல வூடு குடுத்துட்டாங்க."

"அங்க எந்த பஸ்ஸு போவுது?"

அதற்குள் அவனுடைய போனில் ஆர்டர் வந்துவிட்டது.