பால்டிமோர் வடக்கா, தெற்கா?

அமெரிக்கர்களுக்குள்ள முடியாத வாக்குவாதம் ஒன்று இருக்கு. பால்டிமோர், லூயிவில், சின்சினாட்டி, சென்ட் லூயிஸ் போன்ற நகரங்கள் வடக்கைச் சேர்ந்தவையா, தெற்கைச் சேர்ந்தவையா? ஒருத்தர் பேச்சு வழக்கைக் காட்டுவார், இன்னொருத்தர் சாப்பாட்டைக் காட்டுவார். மூன்றாமவர் பழைய தொழிற்சாலைகளையும் வரிசையா நிற்கிற செங்கல் வீடுகளையும் காட்டி, இது அசல் வடக்கு எண்டு அடிச்சுச் சொல்லுவார். பேச்சும் சாப்பாடும் முக்கியம்தான். ஆனால் அந்த நகரங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களின் பக்கத்தில் நின்று கேட்டால், இது ரசனை பற்றிய கேள்வியாக இருக்காது.

முதலில் கோட்டைப் பார்ப்போம். 1763க்கும் 1767க்கும் இடையில் சார்ள்ஸ் மேசன், ஜெரமையா டிக்சன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் நடுவில எல்லையை அளந்தார்கள். இரண்டு குடியேற்றங்களையும் சொந்தமாக வைத்திருந்த குடும்பங்களின் காணிச் சண்டையைத் தீர்க்கத்தான் அந்த வேலை. அடிமை முறைக்கும் அதுக்கும் அப்போது சம்பந்தமே இல்லை. 1780இல் பென்சில்வேனியா அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் காணி எல்லை இரண்டு உலகங்களைப் பிரிக்கிற கோடாகியது. மேற்கே ஒகையோ ஆறு அதே வேலையைச் செய்தது. ஆற்றுக்கு வடக்கே அடிமை முறை 1787இலேயே தடைசெய்யப்பட்டது. தெற்குக் கரையில் கென்டக்கி அடிமை மாநிலமாகவே இருந்தது.

இப்ப பால்டிமோருக்கு வருவோம். கோட்டுக்குத் தெற்கே, அடிமை மாநிலமான மேரிலாந்தில் இருந்த துறைமுக நகரம். ஆனால் 1860இல் அங்கே சுமார் 25,000 சுதந்திரக் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். அமெரிக்காவின் வேறெந்த நகரத்திலும் அவ்வளவு பேர் இல்லை. அடிமைகளாக இருந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். பிரெடெரிக் டக்ளஸ் இந்த நகரத்தின் கப்பல் கட்டும் தளங்களில்தான் வேலை செய்தார். கூலி அவருடைய கைக்கு வரும், பிறகு அவரை உடைமையாக வைத்திருந்தவரிடம் போய்விடும். 1838இல் மாலுமி உடுப்புப் போட்டு ரயிலேறி அவர் தப்பினதும் இங்கேயிருந்துதான். வடக்கு அவ்வளவு பக்கத்தில இருந்தது.

1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது மேரிலாந்து, டெலவெயர், கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கும் அடிமை முறையை வைத்துக்கொண்டே ஒன்றியத்தில் நின்றன. அதற்காக அங்கே எல்லாரும் வடக்கின் பக்கம் நின்றார்கள் எண்டு இல்லை. ஏப்ரல் 19ஆம் திகதி பால்டிமோர் வீதிகளால் போன மசசூசெட்ஸ் படையினரைக் கூட்டம் ஒன்று தாக்கியது. படையினர் 4 பேரும் நகரவாசிகள் 12 பேரும் செத்தார்கள்.

1863 ஜனவரியில் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் இந்த நான்கு மாநிலங்களுக்கும் பொருந்தவில்லை. கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும்தான் அது. மேரிலாந்தில் விடுதலை 1864 நவம்பரில் வந்தது, மிசூரியில் 1865 ஜனவரியில். கென்டக்கியிலும் டெலவெயரிலும் 1865 டிசம்பரில் 13ஆவது திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை அடிமை முறை சட்டப்படி இருந்தது. போரில் வென்ற பக்கத்தில் நின்ற மாநிலங்களிலேயே சிலர் கடைசியாக விடுதலையானார்கள்.

கென்டக்கியின் கதை இன்னும் விசித்திரம். லிங்கனும் தெற்கின் தலைவர் ஜெபர்சன் டேவிசும் பிறந்தது இதே மாநிலத்தில். போரில் தெற்குக்காகப் போனவர்களைவிட வடக்குக்காகப் போன கென்டக்கியர்கள்தான் அதிகம். ஆனால் போர் முடிந்த பிறகு மாநிலம் தெற்கைத் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. 1895இல் லூயிவில் நகரத்தில் தெற்குப் படையினருக்கு உயரமான நினைவுத்தூண் எழும்பியது. அது அங்கிருந்து அகற்றப்பட்டது 2016இல். 13ஆவது திருத்தத்தைக் கென்டக்கி சட்டசபை அங்கீகரித்தது 1976இல். அதாவது, லூயிவில் தெற்கத்திய நகரமாக உணரப்படுவதில் ஒரு பகுதி, தோற்ற பக்கத்தைப் பிறகு விரும்பித் தெரிவுசெய்ததால் வந்தது.

சரி, ஆற்றைக் கடந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? சின்சினாட்டி ஆற்றின் வடக்குக் கரையில் இருக்கிற நகரம். 1829இல் அங்கே கறுப்பினக் குடியிருப்புகளைக் கூட்டம் தாக்கியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நகரத்தை விட்டுப் போனார்கள், கனபேர் கனடாவுக்கு. 1836இலும் 1841இலும் திரும்பக் கலவரம். 1856இல் மார்கரெட் கார்னர் என்ற பெண் உறைந்துபோயிருந்த ஆற்றைக் குடும்பத்தோடு நடந்து கடந்து சின்சினாட்டிக்கு வந்தார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, திரும்பவும் அடிமையாகப் போகக்கூடாது எண்டு தன் சின்ன மகளைக் கொன்றார். நீதிமன்றம் அவரைத் தெற்குக்கே திருப்பி அனுப்பியது. டோனி மொரிசனின் 'பிலவ்ட்' நாவலுக்கு வித்து இந்தச் சம்பவம்தான்.

இருபதாம் நூற்றாண்டில் கோடு நகரங்களுக்குள்ளேயே இறங்கியது. 1910இல் பால்டிமோர், எந்தத் தெருத்தொகுதியில் எந்த இனத்தவர் குடியிருக்கலாம் எண்டு சட்டம் போட்டது. லூயிவில் 1914இல் பின்தொடர்ந்தது, சென்ட் லூயிஸ் 1916இல் மக்கள் வாக்கெடுப்பு மூலமே அதைச் செய்தது. லூயிவில் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1917இல் செல்லாது என்றது. பிறகு காணி உறுதியிலேயே "கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது" என்ற நிபந்தனை எழுதுகிற வழக்கம் பரவியது. சிகாகோ போன்ற அசல் வடக்கு நகரங்களிலும் அதேதான். அந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமுல்படுத்த முடியாது என்ற தீர்ப்பு 1948இல் வந்தது. அது சென்ட் லூயிஸ் வீடு ஒன்றிலிருந்து தொடங்கிய வழக்கு. அதே 1948இல் பால்டிமோர் தெற்கின் தளபதிகள் லீக்கும் ஜாக்சனுக்கும் குதிரைமேல் சிலை வைத்தது. ஒருபோதும் பிரிந்து போகாத மாநிலத்தின் நகரம் அது! 2017 ஆகஸ்டில் ஓர் இரவில்தான் அந்தச் சிலை அகற்றப்பட்டது.

ஆகவே, வடக்கா தெற்கா எண்டு யாராவது கேட்டால் நாங்கள் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம்: எந்த ஆண்டில், யாருக்கு? 1838இல் டக்ளசுக்குப் பால்டிமோர் தப்பி ஓட வேண்டிய தெற்கு. மார்கரெட் கார்னருக்குச் சின்சினாட்டி வடக்காக இருந்தது சில மணி நேரம் மட்டும்தான்.