மஞ்சள் ஊசியும் மண்ணும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கமே வரல. போன வாரம் நெய்வேலி போயிருந்தேன். மந்தாரக்குப்பத்துல ஆயா வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்த்ததும் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

நான் நாலாவது படிக்கும்போது எங்க பசுவுக்கு மடிநோய். மடி கல்லு மாதிரி வீங்கி, பால் திரிதிரியா வந்துச்சு. மாட்டாஸ்பத்திரி டாக்டர் மஞ்சளா ஒரு ஊசி போட்டார். ஆக்சிடெட்ராசைக்ளின். "நான் சொல்ற வரைக்கும் பாலை யாருக்கும் ஊத்தாதீங்கம்மா"ன்னார். டவுன்ஷிப்ல ஏழெட்டு வீட்டுக்குப் பால் ஊத்தித்தான் ஆயா குடும்பத்தை ஓட்டுச்சு. ஆனாலும் தினமும் கறந்து கீழ கொட்டுச்சு. ஏன்னு எனக்கு அப்போ புரியல.

இந்த மருந்துக் குடும்பத்தோட கதை நம்ம சென்னையைத் தொட்டுட்டுப் போகுது. பீமவரத்துல பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அப்புறம் அமெரிக்கா போனார். பின்னாடி லெடர்லி கம்பெனியில ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார். அவருக்குக் கீழ வேலை பார்த்தவர் பெஞ்சமின் டக்கர். (பேரே டக்கர் :-)) எழுபது வயசைத் தாண்டின தாவரவியல் பேராசிரியர்.

எங்க ஊர்ல மண்ணைத் தோண்டுறது நிலக்கரிக்காக. டக்கர் மண்ணைத் தேடினது அதுல வாழற நுண்ணுயிருக்காக. மிசௌரியில ஒரு வயல் மண்ணுல கிடைச்ச நுண்ணுயிர் தங்க நிறத்துல ஒரு மருந்தைச் சுரந்துச்சு. 1948-ல ஆரியோமைசின்னு பேர் வெச்சு அறிவிச்சாங்க. டெட்ராசைக்ளின் குடும்பத்துல அதுதான் மூத்தது. சுப்பாராவ் அதே வருஷம் ஆகஸ்ட்ல காலமாயிட்டார். ஆயா வீட்டுப் பசுவுக்குப் போட்ட ஆக்சிடெட்ராசைக்ளின் 1950-ல ஃபைசர் கம்பெனி கொண்டுவந்த தம்பி. அதுவும் மண்ணுல இருந்துதான்.

இங்கதான் கதை திரும்புது. அதே லெடர்லியில ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட்னு ரெண்டு பேர், ஆரியோமைசின் தயாரிச்சு மிஞ்சின சக்கையைக் கோழிக்குஞ்சுக்குத் தீனியில கலந்து கொடுத்துப் பார்த்தாங்க. குஞ்சுங்க மளமளன்னு வளர்ந்துச்சு. 1950-ல சேதி வெளிய வந்ததும், நோயே இல்லாத கோழிக்கும் பன்னிக்கும் தினமும் கொஞ்சூண்டு மருந்து போக ஆரம்பிச்சுது.

கொஞ்சூண்டு மருந்துல எல்லாக் கிருமியும் சாகாது. தப்பிச்சது பெருகும், அதுக்கப்புறம் அந்த மருந்து அதுங்ககிட்ட எடுபடாது. 1969-லயே இங்கிலாந்துல ஸ்வான் கமிட்டி எச்சரிச்சுது. ஐரோப்பா வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுக்கறதை 2006-ல முழுசா நிறுத்துச்சு. மத்த மருந்து எடுபடாதப்போ கடைசி ஆயுதமா ஆஸ்பத்திரியில வெச்சிருக்கற கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கற கால்நடைக்குக் கொடுக்கக்கூடாதுன்னு இந்தியா 2019-ல தடை போட்டுச்சு.

நோய் வந்த மாட்டுக்கு ஊசி போட்டது தப்பே இல்லை, அதுதான் பசுவைக் காப்பாத்துச்சு. ஆனா மருந்து கலந்த பால் அடுத்தவங்க வயித்துக்குப் போகக்கூடாது. ஆயாவுக்கு சுப்பாராவும் தெரியாது, ஸ்வான் கமிட்டியும் தெரியாது. "அந்த வீட்டுலயும் புள்ளைங்க இருக்குல்ல"ன்னு மட்டும் சொல்லுச்சு. அந்த மாசம் பால் காசு பாதிகூட வரல.

உங்க வீட்டுல மாடு இருந்தா, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் பாலை நிறுத்துவீங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.