தேதி இல்லாத வேலையிழப்பு

போன வாரம் தாமிரபரணிக் கரையில, பாபநாசம் மில்லு பத்திப் பேசினோம். இந்த வாரம் வடக்கே கோவில்பட்டிக்குப் போவோம். 1986 வரைக்கும் அதுவும் நெல்லை மாவட்டம்தான்.

அதே 1986-ல மத்திய அரசு, நிரந்தரமா மூடின தனியார் மில் தொழிலாளிகளுக்கு ஒரு மறுவாழ்வு நிதி தொடங்குச்சு. முதல் வருஷம் சம்பளத்துல 75 சதவீதம், அடுத்து 50, மூணாவது வருஷம் 25. மில்லு மூடின தேதி இருந்தாத்தான் பணம் கிடைச்சுது.

'இறக்குமதியால வேலை போச்சா?'ன்னு கேட்டு உதவுற சட்டம் அமெரிக்காவுல 1962-லயே வந்துட்டுது. இங்க அப்படி ஒண்ணு வரல.

தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க பெரும்பாலும் பெண்கள். பலருக்கு, செஞ்ச எண்ணிக்கைக்குத்தான் கூலி. சீன லைட்டர் வந்தப்போ எல்லா ஆபீஸும் ஒரே நாள்ல பூட்டிறல. சரக்கு தேங்கினா வேலைநாள் குறையும், கூலியும் குறையும். இதுக்கு ஏது தேதி? 2005-ல வந்த ஈ.எஸ்.ஐ. வேலையில்லாப் படியும் ஆலை மூடல், ஆட்குறைப்பு மாதிரியான காரணங்களைத்தான் பாக்குது.

2022-ல முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன்ல, 20 ரூபாய்க்குக் கீழ உள்ள லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்துச்சு. நல்லதுதான். ஆனா தடை காப்பாத்துறது சந்தையை. அதுக்கு முன்னால போன கூலி போனதுதான்.

குறைஞ்ச வேலைநாளையும் வேலையிழப்புன்னு எழுதுற ஒரு பதிவேடு வேணும். உதவி அதுக்கப்புறம்தான் தொடங்கும்னு நான் நினைக்கிறேன்.