தண்ணீருக்குள் டிரெட்மில்... நடக்க முடியாத நாயை இது நடக்க வைக்குமா?

கண்ணாடித் தொட்டி, இடுப்பளவு வெதுவெதுப்பான தண்ணீர், உள்ளே ஓடும் டிரெட்மில்லில் மெதுவாக நடை பழகும் ஒரு லாப்ரடார். இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீங்க. இதுதான் ஹைட்ரோதெரபி. நாய்களுக்கான பிசியோதெரபியில் ஒரு பகுதி. பார்க்க க்யூட்டா இருந்தாலும், மருந்து மாதிரி அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய சிகிச்சை.

தண்ணீர் என்ன செய்கிறது?

வாளி கிணற்றுத் தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிற்றில் கனம் தெரியாது. மேலே வந்ததும்தான் கை இழுக்கும். அதே கணக்குதான் இங்கேயும். தண்ணீரில் நிற்கும் நாய்களின் கால்கள் எவ்வளவு எடை தாங்குகின்றன என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. கணுக்கால் வரை தண்ணீர் இருந்தால் உடல் எடையில் 91%. முழங்கால் வரை 85%. இடுப்பு வரை ஏற்றினால் வெறும் 38%. அதாவது 30 கிலோ நாயின் கால்களில் இறங்கும் பாரம் சுமார் 11 கிலோதான். வலிக்குப் பயந்து காலைத் தூக்கியே வைத்திருந்த நாய், மெல்ல ஊன்றிப் பார்க்கும். தசை திரும்ப ஏறுவது அங்கிருந்துதான்.

சும்மா நீச்சல் அடிக்க விட்டா போதாதா?

பல நாய்கள் முன்னங்காலால்தான் நீந்தும், பின்னங்கால் பேருக்கு அசையும். டிரெட்மில்லில் நாலு காலும் தரையைத் தொட்டே ஆகணும். முழங்கால் தசைநார் ஆபரேஷன், இடுப்பு மூட்டுத் தேய்மானம் போன்ற பின்னங்கால் பிரச்சினைகளுக்கு டிரெட்மில்லைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். ஊர்க் குளத்தில் இறக்கிவிடுவது இதற்கு மாற்று இல்லை. சறுக்கும் படியில் கால் மறுபடி பிசகலாம். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம்.

இந்த நேரத்தில் தொட்டியைத் தேடாதீங்க

டாஷ்ஹண்ட் மாதிரி நீள முதுகு நாய்களுக்கு, முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கி தண்டுவடத்தை அழுத்தலாம். காலையில் ஓடிய நாய் சாயங்காலம் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும். 'தண்ணியில நடக்க வச்சா சரியாயிடும்' என்று காத்திருந்தால் போவது பொன்னான நேரம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிட்டுப் போங்க, நடத்திக் கூட்டிட்டுப் போகாதீங்க. கால் விரலை அழுத்தி வலி தெரிகிறதா என்று டாக்டர் பார்ப்பார். கால் வெடுக்கென்று இழுத்தால் மட்டும் போதாது, அது அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம். நாய் கத்தணும், இல்லை திரும்பிப் பார்க்கணும். வலி உணர்வு இருந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலான நாய்கள் மீண்டும் நடக்கும். அது போய்விட்டால் ஆபரேஷன் செய்தாலும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. தொட்டிக்கு வேலை வருவது இதற்கெல்லாம் பிறகுதான். இடையில் நம்ம வீட்டு வலி மாத்திரையைக் கொடுத்துடாதீங்க. இபுபுரூஃபன் நாய்க்கு விஷம்.

ஆறாத தையல், தோல் தொற்று, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் தண்ணீரே கூடாது. வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் தரை. வழுக்கும் டைல்ஸில் நாய் நடக்கும் பாதை முழுக்க ரப்பர் மேட் போடுங்க. அடுத்தது எடை. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த அமெரிக்க ஆய்வு 2002-ல் வெளியானது. அதில் 25% குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறக்குறைய 2 வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளியே வந்தது. தட்டில் கூடுதலாக விழும் அந்த ஒரு பிடி சோறுதான் பிரச்சினை.

சென்டருக்குப் போகிறீர்கள் என்றால், மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு கேட்கிறார்களா என்று பாருங்க. கேட்காத இடம் வேண்டாம். முதல் நாள் சில நிமிஷ நடை, நடுநடுவே ஓய்வு, அவ்ளோதான். மறுநாள் நாய் கூடுதலாக நொண்டினால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறைக்கு முன்பே சொல்லி நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்க.