புரதத்தின் வடிவும் மலைமக்களின் நோயும்

பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைத் தோட்டங்களிலும் தமிழும் மலையாளமும் தலைமுறை தலைமுறையாகக் கலந்தே ஒலித்து வருகின்றன. இவ்வெல்லைப்புறத்தின் சரித்திரம் என்றதும் மன்னர்களையும் மலைப்பாதைகளையும் தேயிலையையுமே நாம் நினைக்கிறோம். மனித உடலினுள் நிகழும் ஒரு சரித்திரத்திலும் இந்நிலத்திற்குப் பங்குண்டு. அதனையே இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளால் கோத்த மாலை. மணிகள் 20 வகை. அவற்றின் வரிசைக்கேற்ப மாலை மடிந்து சுருண்டு ஓர் உருவம் கொள்ளும். ஒரே இரும்பு அரிவாளானால் அறுக்கும், மண்வெட்டியானால் வெட்டும். அவ்வாறே புரதத்தின் வடிவமே அதன் தொழிலை வகுக்கிறது. வடிவு பிழைத்தால் தொழில் பிழைக்கும், அதுவே நோய்.

இவ்வடிவை ஆராய்ந்தோருள் முதன்மை பெற்றவர் 1922-ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன். 1952-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியராய் அமர்ந்தார். தோலுக்கும் எலும்புக்கும் உரமளிக்கும் கொலாஜன் என்னும் புரதம் முப்புரி முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து உலகிற்கு அறிவித்தார். அக்கயிற்றில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின் என்னும் மிகச் சிறிய மணி. அவ்விடத்தில் பெரிய மணியொன்று புகுந்தால் முறுக்குக் கெடும். எலும்பு எளிதில் முறியும் நோய் தோன்றும். 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம், புரத மாலை எவ்வெவ்வாறு திரும்ப இயலும் என்பதைக் காட்டுவது. இன்றும் உலகெங்கும் புரத வடிவங்களைச் சரிபார்க்க அதுவே உரைகல்.

அவர் சென்னை வந்த அதே 1952-இல், லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் வடிவச் சிவப்பணுக்களுக்குரிய இயல்பைக் கண்டு தெரிவித்தனர். நீலகிரியை அடுத்த அட்டப்பாடியில் வாழும் இருளர் முதலிய மலைமக்களிடையேயும் இந்நோய் உண்டு.

இதன் காரணம் யாது? இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்னும் புரதம். இந்நோயாளரின் ஹீமோகுளோபினே வேறுபட்டது என்று 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவர் தோழர்களும் காட்டினர். அதன் பீட்டா மாலையின் 146 மணிகளுள் ஆறாவது ஒன்றே மாறியுள்ளது, குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் அமர்ந்துள்ளது என்பதை அடுத்த சில ஆண்டுகளில் வெர்னான் இங்கிராம் துலக்கினார். பிராணவாயு குறையும்போது அப்புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டத் தட்டுப் போன்ற சிவப்பணு அரிவாளாய் வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன, விரைவில் அழிகின்றன. தாங்கொணா வலியும் சோகையும் இவ்வாறே விளைகின்றன.

இத்தகைய மாற்றம் ஏன் நிலைத்தது? பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இதனைப் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். மலேரியாக் கொடுமையையும் எளிதில் தாங்குவர். இதனை 1954-இல் ஆலிசன் ஆப்பிரிக்காவில் கண்டறிந்தார். காய்ச்சல் மிகுந்த காடுகளில் உயிர்காத்த கேடயமே, இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கு வாளாயிற்று.

ஆகவே இந்நோய் தெய்வ குற்றமுமன்று, குலத்தின் இழுக்குமன்று. தொட்டாலும் உடனுண்டாலும் பரவாது. இவ்வியல்பு தாங்கிய இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மணத்திற்கு முன் செய்யும் இரத்தப் பரிசோதனை இதனை உணர்த்தும். ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து நோயாளரின் வலியைக் குறைக்கிறது. 2047-க்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்குடன் இந்திய அரசு 2023-இல் தேசிய இயக்கமொன்றைத் தொடங்கியுள்ளது.

பிழைப்பு நாடி இம்மலைகளுக்கு வந்த நமக்கு முன்பே இங்கு வாழ்ந்தவர் அம்மக்கள். பரிசோதனைக்கு அவர்கள் அஞ்சாது வரவேண்டுமாயின், அயலார் ஏளனம் முதலில் ஒழிய வேண்டும். ஒரு மணியின் மாற்றத்தை மனிதனின் தாழ்வாகக் கருதாதிருக்க நம் இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக. விஞ்ஞானம் நமக்கு அளித்த விளக்கம் அதற்கே பயன்படுக.